கூரைமேல் நின்ற குரல்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் பொருட்பாலிலே அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பேசப் புகுபவன் முதலில் தன் முன்னே இருப்போரை அறிந்துகொள்ள வேண்டும். அறிந்த பின்னர் அவர்களுக்கு அஞ்சாது பேச வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடத்திலே சேர்ந்திருப்பது அரிது. அவையை நன்கறிந்தவர் நாளடைவில் அதன் விருப்பத்துக்கு இசைந்து பேசப் பழகிவிடுகிறார். அஞ்சாதவரோ பல வேளைகளில் அவையையே மறந்து தமக்குத் தாமே முழங்குகிறார்.

வானொலிக்காரனின் நிலை இன்னும் சிக்கலானது. அவனுடைய அவை கண்ணுக்குத் தெரியாதது. போதாக்குறைக்கு அவன் பேசும் ஒலிவாங்கியும் அவனுடையதன்று. அது ஓர் அரசுக்கோ கம்பனிக்கோ சொந்தமானது. இரவல் ஒலிவாங்கியின் முன்னால் நின்று ஒருவர் தம் சொந்த அரசியல் கருத்தைச் சொல்லலாமா? சொன்னால் அதற்கு என்ன விலை கொடுக்க நேரும்? இக்கேள்விக்கு ஒரு முழு வாழ்க்கையையே விடையாகத் தந்த ஒருவரைப் பற்றி இன்று பேசலாமென எண்ணுகிறேன். அவர் அமெரிக்க ஒலிபரப்பாளர் எட்வேர்ட் மரோ.

இலக்கியத் தொடரிலே ஒரு செய்தியாளருக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். மரோவின் போர்க்கால ஒலிபரப்புகள் 1941இல் நூலாக வெளிவந்தன. எழுதி வாசிப்பதற்காக அன்றி, வாய்விட்டுச் சொல்வதற்காகவே பிறந்த ஓர் உரைநடை அது. அவர் தம் உரைகளைப் பெரும்பாலும் கையால் எழுதவில்லை. செயலாளரிடம் சொல்லி எழுதுவித்தார். நாவுக்கு வராத சொல் தாளுக்கும் வரக்கூடாது என்பதே அதன் நோக்கம். இருபதாம் நூற்றாண்டின் உரைநடை வரலாற்றை எழுதுவோர் இப்படியொரு குரலைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

மரோ 1908 ஏப்ரலில் வட கரோலினாவில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் எக்பேர்ட். எட்வேர்ட் என்பது பின்னர் தாமே சூட்டிக்கொண்டது. குடும்பம் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் மரம் வெட்டும் முகாம்களில் உழைத்துக் கல்லூரிப் படிப்புக்குப் பணம் சேர்த்தார். வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் பேச்சுக்கலையைப் பயின்று 1930இல் பட்டம் பெற்றார். அங்கே ஐடா லூ அன்டர்சன் என்ற ஆசிரியை வாய்த்தார். குழந்தைப் பருவத்திலேயே போலியோவால் உடல் நலிந்தவர். மரோவின் குரலைச் செதுக்கியவர் அவரே. பின்னாளில் மரோ லண்டனிலிருந்து பேசத் தொடங்கியபோது, ஆரம்ப வாக்கியத்தின் முதற் சொல்லுக்குப் பின்னால் சற்றே நிறுத்துமாறு யோசனை கூறியவரும் அவர்தான். 'இது' என்று சொல்லி, ஒரு கணம் மௌனித்து, 'லண்டன்' என்று தொடர்வார் மரோ. அந்த ஒரு கண மௌனத்துக்காக அமெரிக்க வீடுகள் காத்திருந்தன.

மரோ எந்தப் பத்திரிகையிலும் நிருபராக இருந்ததில்லை. 1933 முதல் இரண்டு ஆண்டுகள், ஹிட்லரின் ஆட்சியில் பதவியிழந்த அறிஞர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் குடியமர்த்தும் குழுவொன்றில் பணியாற்றினார். அரசியல் வெறி படித்த மனிதரை என்ன செய்யும் என்பதை முதலில் அங்கேதான் நேருக்கு நேர் கண்டார். 1935இல் சீ.பீ.எஸ். வானொலியில் உரைகள் பிரிவின் பணிப்பாளராகச் சேர்ந்தார். பிறரைப் பேச வைப்பதே அவருடைய வேலை. 1937இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டதும் அதற்காகவே.

அவரைப் பேச வைத்தது வரலாறு. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. மரோ ஒரு முழு விமானத்தையே வாடகைக்கு அமர்த்தி வியன்னாவுக்குப் பறந்தார். அவருடைய சகா வில்லியம் ஷைரர், தணிக்கைக்குத் தப்பிச் செய்தி சொல்வதற்காக வியன்னாவிலிருந்து லண்டனுக்குச் சென்றார். மார்ச் 13ஆம் திகதி லண்டன், பாரிஸ், பேர்லின், வியன்னா எனப் பல நகரங்களின் குரல்கள் ஒரே நிகழ்ச்சியில் இணைந்து ஒலித்தன. இன்றைய செய்தி ஒலிபரப்பின் வடிவம் அன்றிரவு உருவானது என்பர்.

1940 செப்டெம்பரில் லண்டன் மீது ஜெர்மனியக் குண்டுவீச்சு ஆரம்பித்தது. மரோ கட்டிடக் கூரைகளில் நின்று, தீயும் புகையும் கண்ணில்பட நேரடியாகப் பேசினார். அந்த உரைகளை இன்று வாசிப்பவர் வியப்பது அவற்றின் அடக்கத்தைக் கண்டுதான். வீரம், தியாகம் போன்ற பெரிய சொற்கள் அபூர்வமாகவே வருகின்றன. கடைக்காரர், தீயணைப்பாளர், வாடகைக் கார் ஓட்டுநர், உடைந்த கண்ணாடியைக் கூட்டும் பெண் என்று சிறிய மனிதரும் சிறிய காரியங்களுமே நிறைந்திருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாத இரவொன்றில், அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்க, ட்ரபல்கர் சதுக்கத்தின் நடைபாதையருகே ஒலிவாங்கியைத் தாழ்த்திப் பிடித்தார். ஓடாமல், பதறாமல், புகலிடம் நோக்கி நடக்கும் மனிதரின் காலடியோசை அத்திலாந்திக்கின் அக்கரையில் கேட்டது. ஆயிரம் அடைமொழிகள் செய்யாததை அந்தச் சப்பாத்துச் சத்தம் செய்தது.

இவ்விடத்தில் ஒன்றை அவதானிக்க வேண்டும். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. செய்தி சொல்பவர் தம் கருத்தைச் சொல்லலாகாது என்பது சீ.பீ.எஸ். நிறுவனத்தின் விதி. மரோ விதியை மீறவில்லை. அமெரிக்கா வந்து போரிட வேண்டுமென அவர் அறைகூவவில்லை. ஆயினும் காலடியோசையைக் கேட்கச் செய்ததே ஒரு கருத்துத்தான். எதைக் காண்பது, எதைச் சொல்வது என்ற தெரிவிலேயே ஒருவரின் பக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. 1941 டிசம்பர் 2ஆம் திகதி நியூயோர்க்கில் அவருக்களித்த விருந்தில், கவிஞர் ஆர்ச்சிபோல்ட் மக்லீஷ் இதையே பாராட்டிப் பேசினார். கடலுக்கு அப்பால் நடப்பது நமக்குச் சம்பந்தமற்றது என்ற மூடநம்பிக்கையை மரோ அழித்துவிட்டார் என்பது அவர் கூற்றின் சாரம். ஐந்து நாட்களின் பின்னர் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது.

1943 டிசம்பரில் மரோ லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானமொன்றில் பேர்லினுக்குப் பறந்து திரும்பினார். அந்த இரவை நரகம் என்றே வர்ணித்தார். தம் பக்கத்தார் வீசும் குண்டும் மனிதர் மீதே விழுகிறது என்ற உணர்வு அதிலே இருக்கிறது. அதே தாக்குதலைக் காணச் சென்ற நோர்வேக் கவிஞர் நோர்டால் கிரீக் உயிருடன் திரும்பவில்லை.

1945 ஏப்ரல் 12ஆம் திகதி மரோ புக்கன்வால்ட் வதைமுகாமுக்குள் சென்றார். மூன்று நாட்களுக்குப் பின்னரே அதைப் பற்றிப் பேசினார். அந்த உரை ஏறக்குறையக் கணக்கு வாசிப்பது போல அமைந்திருக்கிறது. முன்னர் 80 குதிரைகள் கட்டிய கொட்டிலில் 1,200 மனிதர். அந்த 1,200 பேரில் ஒரே மாதத்தில் இறந்தோர் 242. கையில் இலக்கம் பச்சை குத்தப்பட்ட ஆறு வயதுச் சிறுவன். கண்டவற்றில் ஒரு பகுதியையே கூறியிருப்பதாகவும், மிகுதிக்குத் தம்மிடம் சொற்களில்லை என்றும் சொன்னார். தம்மை நம்பும்படி நேயர்களிடம் மன்றாடினார். ஏழு ஆண்டுகள் மிகைப்படுத்தாமல் பேசிச் சேர்த்த நம்பிக்கையைத்தான் அன்று அவர் செலவிட்டார்.

போர் முடிந்தது. மரோ புகழுடன் நாடு திரும்பி நிறுவனத்தின் உப தலைவரானார். இங்கேதான் கதை சிக்கலாகிறது. 1947இல் ஷைரரின் வாராந்த நிகழ்ச்சிக்கு அனுசரணை வழங்கிய சவர்க்காரக் கம்பனி விலகிக்கொள்ள, அவர் அந்த நேரத்தை இழந்தார். தம் முற்போக்குக் கருத்துகளே காரணம் என்று ஷைரர் குற்றஞ்சாட்டினார். மரோ நண்பனின் பக்கம் நிற்கவில்லை. அவர் அப்போது நிர்வாகி. பத்து வருட நட்பு முறிந்தது. 1950 ஜூனில், ஒலிபரப்புத் துறையில் கம்யூனிஸ்ட் சார்புடையோர் என்று 151 பேரைப் பட்டியலிட்ட நூலொன்று வெளியாயிற்று. அதில் ஷைரரின் பெயரும் இருந்தது. அவ்வாண்டு முடிவில் சீ.பீ.எஸ். தன் ஊழியர் அனைவரிடமும் விசுவாசப் பத்திரம் கேட்டது. மரோ அதிலே கையொப்பமிட்டார். அதற்குச் சில மாதங்கள் முன்னர் கொரியப் போர்க்களத்திலிருந்து அவர் அனுப்பிய விமர்சன உரையொன்றை நிறுவனம் ஒலிபரப்ப மறுத்திருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டார்.

இவற்றை மறைத்துவிட்டு மரோவை ஒரு வீர புருஷராக நிறுத்துவது எளிது. ஆனால் அது அவருக்கும் நியாயமாகாது, நமக்கும் பயன்படாது. ஒலிவாங்கி இரவல் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். எப்போது அதைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற கணக்கு அவருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

செனட்டர் ஜோசப் மக்கார்த்தியின் எழுச்சி 1950 பெப்ரவரியில் ஆரம்பித்தது. அரச திணைக்களத்தில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகவும், அவர்களின் பட்டியல் தம் கையில் இருப்பதாகவும் கூறினார். எண்ணிக்கை மேடைக்கு மேடை மாறியது. 1953இல் செனட் விசாரணை உபகுழுவொன்றின் தலைவரானார். குற்றச்சாட்டே தீர்ப்பாகிய காலம் அது. ஆசிரியர், எழுத்தாளர், நடிகர், அரச ஊழியர் பலர் வேலையிழந்தனர். இழக்காதோர் வாயை மூடிக்கொண்டனர்.

மரோ அப்போது தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார். 1951 நவம்பர் முதல், பிரெட் பிரெண்ட்லியுடன் சேர்ந்து 'சீ இட் நவ்' என்ற வாராந்த நிகழ்ச்சியை நடத்தினார். 1953 ஒக்டோபரில் மைலோ ரடுலோவிச் என்ற விமானப்படைச் சேமப் பிரிவு லெப்டினன்டின் கதையை எடுத்துக்கொண்டார். அந்த இளைஞர் மீது தனிப்பட்ட குற்றம் எதுவுமில்லை. தகப்பனும் சகோதரியும் சந்தேகத்துக்குரியோர் என்பதற்காகவே அவரை நீக்க முயன்றார்கள். விசாரணையில் சாட்சியங்கள் மூடிய உறையில் இருந்தன, திறந்து காட்டப்படவில்லை. இந்நிகழ்ச்சிக்குப் பத்திரிகை விளம்பரம் கொடுக்க நிறுவனம் மறுத்தது. மரோவும் பிரெண்ட்லியும் தம் சொந்தப் பணம் 1,500 டொலரைக் கொடுத்து விளம்பரம் செய்தனர். ஒரு மாதம் கழிந்து ரடுலோவிச் மீள ஏற்கப்பட்டார்.

அடுத்தது மக்கார்த்தியே. 1954 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை இரவு. அரைமணி நேர நிகழ்ச்சியின் பெரும்பகுதி மக்கார்த்தியின் சொந்தப் பேச்சும் படமுமே. அவர் மேடையில் சொன்னதைக் காட்டி, உண்மை எதுவென மரோ பக்கத்தில் வைத்தார். தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்புச் செய்தார். சர்ச்சைக்குரிய விடயமாதலால், சொல்ல நினைப்பதை மட்டும் சரியாகச் சொல்லும் பொருட்டு எழுதியதைப் பார்த்தே வாசிப்பதாகக் கூறினார். செனட்டர் பதிலளிக்க விரும்பினால் அதற்கு நேரம் வழங்கப்படும் என்றும் கூறினார்.

இலக்கிய அன்பர்கள் ரசிக்கத்தக்க ஓரிடம் அதிலே உண்டு. மக்கார்த்தி ஒருமுறை ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில் காசியஸ் பேசும் வரியொன்றை எடுத்தாண்டு, எதிராளியின் அதிகாரத் திமிரைக் கேலி செய்திருந்தார். செனட்டர் அதே பேச்சில் சில வரிகள் முன்னால் பார்த்திருக்கலாமே என்றார் மரோ. தாழ்ந்து கிடப்பதற்கு விதியைப் பழிக்காமல் தம்மையே நொந்துகொள்ளச் சொல்லும் பகுதி அது. மக்கார்த்தி அச்சத்தைப் படைக்கவில்லை, இருந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டார், பழி நம் எல்லோருக்கும் உரியது என்ற முடிவை அதன் வழியே எட்டினார். மாறுபட்ட கருத்து வேறு, துரோகம் வேறு என்றும் வலியுறுத்தினார். ஒரு தனிமனிதரைத் தாக்க ஆரம்பித்த நிகழ்ச்சி, கேட்டுக்கொண்டிருந்த அவையையே கேள்வி கேட்டு முடிந்தது.

ஆதரவுக் கடிதங்களும் தந்திகளும் வந்து குவிந்தன. ஏப்ரல் 6ஆம் திகதி மக்கார்த்தி அதே நேரத்தில் பதிலளித்தார். மரோவை நரிக்கூட்டத்தின் தலைவர் என்ற கருத்தில் ஏசினார். முன்னர் அவர் பணியாற்றிய சர்வதேசக் கல்வி நிறுவகத்துக்கும் மொஸ்கோவில் நடத்தவிருந்த கோடைகால வகுப்புகளுக்கும் இருந்த தொடர்பைச் சான்றாகக் காட்டினார். குற்றச்சாட்டு எடுபடவில்லை. அந்த வசந்தத்தில் இராணுவத்துடன் மூண்ட விசாரணையில் மக்கார்த்தியின் முகம் நாடறியத் தெரிந்தது. டிசம்பர் 2ஆம் திகதி 67க்கு 22 என்ற வாக்குகளால் செனட் சபை அவரைக் கண்டித்தது.

இந்த வெற்றிக்கு வேறொரு பக்கமும் உண்டு. மார்ச் 9ஆம் திகதி இரவு நிகழ்ச்சி முடிந்த கையோடு அதற்குத் தம் ஆதரவைத் திரையிலே தெரிவித்தவர் செய்தி வாசிப்பாளர் டொன் ஹொலன்பெக். பத்திரிகைப் பத்தியாளர் ஒருவர் அவரைத் தொடர்ந்து வேட்டையாடினார். ஜூன் 22ஆம் திகதி ஹொலன்பெக் தற்கொலை செய்துகொண்டார். மரோவின் புகழ் மரோவைக் காத்தது. அந்தக் கவசம் இல்லாதவரைக் காக்க எவருமில்லை.

விமர்சனம் எதிரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. மக்கார்த்தியை வெறுத்த கில்பேர்ட் செல்டிஸ் போன்ற விமர்சகர்களும் ஒரு சந்தேகத்தை எழுப்பினர். ஒருவருடைய மிக மோசமான கணங்களை மட்டும் வெட்டி ஒட்டிக் காட்டும் இந்த ஆயுதம் நாளை வேறொருவர் கைக்குப் போனால் என்னாகும்? நியாயமான கேள்வி. இன்னொரு கேள்வியும் உண்டு. மக்கார்த்தி கிளம்பி நான்கு ஆண்டுகள் சென்ற பின்னரல்லவா மரோ வாய் திறந்தார்? கேலிச்சித்திரக்காரர் ஹேர்பிளொக் 1950இலேயே வரைந்துவிட்டார். செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் அவ்வாண்டு ஜூனிலேயே சபையில் எழுந்து பேசிவிட்டார். அவர்களோடு ஒப்பிட்டால் மரோ முந்தியவரல்லர்.

எனினும் என் எண்ணத்தில், மரோ செய்ததன் பெறுமதி முந்துவதில் இல்லை. அவர் பேசிய முறையிலே இருக்கிறது. தம் கருத்தைச் செய்தி என்ற முகமூடியில் ஒளிக்கவில்லை. எதிராளியின் சொல்லை எதிராளியின் வாயாலேயே கேட்க வைத்தார். மறுமொழிக்கு இடம் விட்டார். இத்தனையும் செய்து, பல வருடங்களாகத் தாம் சேர்த்துவைத்த நம்பிக்கையைப் பணயம் வைத்தார். எந்நாளும் செலவிடாத நம்பிக்கை புதைத்துவைத்த பொன்னைப் போன்றது. தினந்தோறும் செலவிட்டால் அது சில்லறையாகிவிடும்.

விலையும் வந்தது. 1955இல் அனுசரணை வழங்கிய அலுமினியக் கம்பனி விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஜூனில் மரோவின் நிகழ்ச்சிக்கு முந்திய அரைமணியில் 64,000 டொலர் பரிசுப் போட்டியொன்று தொடங்கி நாட்டையே கட்டிப்போட்டது. அறிவுக்கு வழங்கிய நேரத்தைப் பரிசுப்பணம் விழுங்கியது. வாராந்த நிகழ்ச்சி அவ்வப்போது வரும் நிகழ்ச்சியாகி 1958 ஜூலையில் நின்றுபோயிற்று. இந்நிகழ்ச்சி தமக்கு ஓயாத வயிற்றுவலி தருகிறது என்று நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி கூறியதாகப் பிரெண்ட்லி பின்னர் எழுதினார். எந்தக் கட்டளையும் பிறக்கவில்லை. எவரும் வெளியேற்றப்படவில்லை. நேரம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது.

1958 ஒக்டோபர் 15ஆம் திகதி சிக்காகோவில் ஒலிபரப்புச் செய்திப் பணிப்பாளர்களின் மாநாட்டில் மரோ பேசினார். இம்முறை அவர் குறிவைத்தது சொந்த வீட்டை. தொலைக்காட்சி மக்களை உலக உண்மைகளிலிருந்து பொத்திவைக்கிறது என்றார். பெரிய கம்பனிகள் ஆண்டுக்கு ஓரிரு தடவையாவது தம் விளம்பர நேரத்தைச் செய்திக்கும் சிந்தனைக்கும் விட்டுக்கொடுக்கலாமே என்று யோசனை கூறினார். போதிக்கவும் ஒளியூட்டவும் மனிதர் பயன்படுத்தாவிட்டால் இக்கருவி வெறும் கம்பியும் விளக்கும் கொண்ட பெட்டிதான் என்பது அவ்வுரையின் முடிவு. பேலி அதைத் தம் மீதான தாக்குதலாகவே எடுத்துக்கொண்டார். அதற்குப் பின்னர் நிறுவனத்தில் மரோவுக்கு மரியாதை இருந்தது, இடம் இருக்கவில்லை.

1960 நவம்பர் 25ஆம் திகதி, நன்றி நவிலல் திருநாளின் மறுநாள், அமெரிக்கரின் உணவு மேசைக்கு மரக்கறியும் பழமும் பறித்துத் தரும் இடம்பெயர் கூலித் தொழிலாளரின் அவல வாழ்வைக் காட்டும் விவரணப்படத்தை அவர் தொகுத்தளித்தார். விருந்துண்ட மறுநாள் அந்தப் படம். அடுத்த ஆண்டு ஜனாதிபதி கென்னடியின் அழைப்பை ஏற்று, அரசின் தகவல் நிறுவனத் தலைவரானார். 'வொயிஸ் ஒஃப் அமெரிக்கா' அந்நிறுவனத்தின் கீழேதான் இயங்கியது. 1950களில் அதன் குரல் இலங்கை மண்ணிலிருந்தும் அஞ்சல் செய்யப்பட்டதை மூத்த நேயர்கள் அறிவார்கள்.

பதவியேற்ற சில வாரங்களில், மேற்சொன்ன விவரணப்படத்தை பீ.பீ.சி. ஒளிபரப்பவிருப்பது தெரியவந்தது. நாட்டின் பெயருக்குக் களங்கமென்று கருதி, அதைத் தவிர்க்கும்படி பீ.பீ.சி. பணிப்பாளர் நாயகம் ஹியூ கார்ல்டன் கிரீனிடம் மரோ கேட்டுக்கொண்டார். கிரீன், நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் சகோதரர். அவர் மறுத்துவிட்டார். படம் காட்டப்பட்டது, செய்தியும் வெளியே கசிந்தது. தாமே தொகுத்தளித்த உண்மையைத் தாமே மறைக்க முயன்ற அந்த நாள் மரோவின் வாழ்வில் மிகத் துயரமானது எனலாம். கதிரை மாறியதும் அந்த மனிதரின் சொல்லும் மாறிற்று. அன்று அந்தப் படத்தைக் காப்பாற்றியது இன்னொரு நாட்டு ஒலிபரப்பாளரின் அஞ்சாமை.

ஓயாது சிகரட் புகைத்த மரோவை நுரையீரல் புற்றுநோய் பற்றியது. சிகரட்டுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1955இலேயே தம் நிகழ்ச்சியில் எடுத்துரைத்தவர் அவர். 1965 ஏப்ரல் 27ஆம் திகதி, 57ஆவது வயதில் காலமானார். 2005இல் ஜோர்ஜ் குளூனி இயக்கிய திரைப்படம் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது.

மரோவின் காலத்தில் அமெரிக்க ஒலிபரப்பு நிலையங்கள் மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டுமென்ற ஒழுங்குவிதி இருந்தது. 1949இல் வகுக்கப்பட்ட அது 1987இல் கைவிடப்பட்டது. இன்று கருத்துக்குப் பஞ்சமில்லை. மணிக்கணக்காகக் கருத்து மட்டுமே சொல்லும் அலைவரிசைகள் எல்லா நாடுகளிலும் உண்டு. பேசுவோர் தத்தம் அவையை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அது எதைக் கேட்க விரும்புகிறது என்பதையும் அறிந்திருக்கிறார்கள். தம்மை விரும்பிக் கேட்போருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல மட்டுமே அஞ்சுகிறார்கள். பழி நம் எல்லோருக்கும் உரியது என்று தம் சொந்த நேயர்களிடம் சொன்ன அந்த மார்ச் மாத இரவை ஒலிபரப்புத் துறையினர் மட்டுமன்றி, எழுதுவோரும் பேசுவோரும் நினைவிற்கொள்ளலாம்.